உழைப்பை உற்று நோக்கியவர்கள்

ஆலையிலே ஒருவரின் விரல் எந்திரத்தில் அகப்பட்டு நசுங்கினால், உலகம் முதலில் சொல்லும் சொல் ‘கவனக்குறைவு’ என்பது. எழுத்தர் ஒருவர் மாலை நேரத்தில் கணக்கைப் பிழைபட எழுதினால் ‘அசட்டை’ என்கிறோம். சுமை தூக்கும் தொழிலாளி நாற்பது வயதிலேயே முதுகு கூனி நின்றால் ‘தலையெழுத்து’ என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். மூன்று சொற்களும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. பழியை உழைப்பவர் தலைமேல் ஏற்றிவிட்டு, மேற்கொண்டு ஆராயும் கடமையிலிருந்து நம்மை விடுவித்துவிடுகின்றன.

அவ்வாறு விடுபட மனம் ஒப்பாதவர்கள் சிலர் இருந்தார்கள். அந்த எந்திரம் எவ்வாறு அமைந்திருந்தது? அந்த மேசையின் உயரம் என்ன? அந்தச் சுமையை வேறு எவ்வகையில் எடுத்துச் சென்றிருக்கலாம்? என்று அவர்கள் வினவினார்கள். அவ்வினாக்களிலிருந்து பிறந்த துறையே எர்கனாமிக்ஸ் எனப்படுவது. தமிழில் அதனைப் பணிச்சூழலியல் என்கிறோம். தொழிலுக்கு ஏற்றவாறு மனிதனை வளைப்பதை விடுத்து, மனிதனுக்கு ஏற்றவாறு தொழிலையும் கருவியையும் அமைப்பது எப்படி என்று ஆராய்வது அத்துறை. பெரும்பாலோர் பெயரறியாத அதன் ஆராய்ச்சியாளர்களுள் சிலரை இன்று நினைவுகூர்வோம்.

முதலில் நினைக்கத்தக்கவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமட்சீனி. 1633ஆம் ஆண்டில் பிறந்த இவர், மோடெனா நகரத்திலும் பின்னர் பாதுவா நகரத்திலும் மருத்துவப் பேராசிரியராக விளங்கினார். மோடெனாவில் இவருடைய வீட்டின் மலக்குழியைத் துப்புரவு செய்ய ஒரு தொழிலாளி வந்தார். அவர் ஓய்வின்றி, உயிரைக் கொடுத்து விரைந்து வேலை செய்வதைக் கண்ட மருத்துவர், இத்தனை அவசரம் ஏன் என்று கேட்டார். இந்த இடத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கண் போய்விடும் என்ற கருத்தில் விடை வந்தது. வெளியே வந்தவரின் கண்களை ராமட்சீனி பார்த்தார். அவை சிவந்து, ஒளி மங்கியிருந்தன. அதே தொழிலைச் செய்து பார்வை இழந்தவர்கள் நகரத் தெருக்களில் இரந்து நிற்பதையும் அவர் அறிந்தார்.

அது முதல் அவர் தொழிலாளரைத் தேடிச் சென்றார். சுரங்கத் தொழிலாளர், குயவர், கண்ணாடி செய்வோர், நெசவாளர் என நாற்பதுக்கும் மேற்பட்ட தொழில்களைப் பற்றி எழுதி, 1700ஆம் ஆண்டில் தொழிலாளரின் நோய்கள் பற்றிய பெருநூலை வெளியிட்டார். நோயாளியைக் காணச் செல்லும் மருத்துவர், பண்டைக்கால ஹிப்பாக்ரட்டீஸ் வகுத்த கேள்விகளோடு, நோயாளி செய்யும் தொழில் யாது என்பதையும் கேட்டறிய வேண்டும் என்று அதில் வற்புறுத்தினார். ஏழையின் வீட்டில் முக்காலிதான் கிடைக்கும் என்றாலும், அதில் அமர்ந்து பொறுமையாக விசாரிக்க வேண்டும் என்றும் அறிவுரை கூறினார். இன்று எந்த மருத்துவமனையிலும் நம் பெயர், வயது ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகத் தொழிலையும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னே மோடெனா நகரத்து மலக்குழித் தொழிலாளி ஒருவர் நிற்கிறார்.

அந்நூலில் எழுத்தர்களுக்கும் ஓர் இடம் உண்டு. இடைவிடாமல் அமர்ந்திருத்தல், கை ஒரே திசையில் ஓயாது இயங்குதல், பிழை நேர்ந்துவிடக் கூடாதே என்று மனம் இறுகியிருத்தல் ஆகிய மூன்றும் அவர்களை வருத்துகின்றன என்று ராமட்சீனி குறித்தார். சுருக்கெழுத்தும் தட்டச்சும் பழகிக்கொண்டு, மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் தில்லிக்கும் இரயிலேறிய தமிழர் தலைமுறை ஒன்று உண்டு. உங்களில் பலருடைய தந்தையரும் பாட்டனாரும் அத்தலைமுறையினராக இருக்கலாம். அவர்கள் வெளியே சொல்லாமல் பொறுத்துக்கொண்ட மணிக்கட்டு வலிக்கும் கழுத்து வலிக்கும் காரணம் அன்றே ஏட்டில் ஏறியிருந்தது. இன்று பெங்களூரிலும் புனேயிலும் கணினி முன் அமர்ந்திருக்கும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கும் அந்த மூன்று காரணங்களும் பொருந்தும்.

ராமட்சீனி நோயைக் கண்டார். உழைப்பைப் பற்றியே தனியாக ஓர் அறிவியல் வேண்டும் என்று கண்டவர் போலந்து நாட்டின் வோய்செக் யஸ்ட்செம்போவ்ஸ்கி. 1799ஆம் ஆண்டில் பிறந்த இவர் தாவரவியல் ஆசிரியர். தம் நாட்டின் விடுதலைக்காக 1830-31ஆம் ஆண்டுகளின் எழுச்சியில் போர்க்களம் புகுந்தவர். வார்சா நகருக்கு அருகே ஒரு வேளாண் கல்வி நிலையத்தில் பயிற்றுவித்து வந்த அவர், 1857ஆம் ஆண்டில் ஒரு வார இதழில் தொடர்கட்டுரை எழுதினார். கிரேக்க மொழியில் ‘எர்கோன்’ என்றால் வேலை, ‘நோமோஸ்’ என்றால் நெறி. இரண்டையும் இணைத்து எர்கனாமிக்ஸ் என்ற பெயரை முதன்முதலாக வழங்கியவர் அவரே. உடல் வலிமையோடு அழகுணர்ச்சியும் அறிவும் ஒழுக்கமும் சேர்ந்து இயங்குவதே மனித உழைப்பு என்பது அவர் கொள்கை. கட்டுரையை உலகம் மறந்தது. பெயரும் ஒரு நூற்றாண்டுக் காலம் உறங்கிக் கிடந்தது.

அடுத்து அமெரிக்காவுக்கு வருவோம். 1885ஆம் ஆண்டில் பதினேழு வயது இளைஞர் ஒருவர் கொத்தனார் வேலை பழகச் சேர்ந்தார். பிராங்க் கில்பிரெத் என்பது அவர் பெயர். கற்பிக்கும் கொத்தனார் பிறருக்குச் செய்து காட்டும்போது ஒருவிதமாகவும், நிதானமாக வேலை செய்யும்போது மற்றொரு விதமாகவும், விரைவாகச் செய்யும்போது மூன்றாவது விதமாகவும் செங்கல்லை எடுத்து வைப்பதை அவர் கவனித்தார். ஒரு சிறு செங்கல்லை எடுப்பதற்காகக் கொத்தனார் தம் உடலின் பாரம் முழுவதையும் தரைவரை தாழ்த்தி மீண்டும் உயர்த்துகிறார். நாள் முழுவதும் அவர் தூக்குவது செங்கல்லை விடத் தம் உடலைத்தான்! செங்கல்லும் சாந்தும் கைக்கு எட்டும் உயரத்திலேயே இருக்குமாறு, சுவர் வளர வளர உயர்த்தக்கூடிய சாரம் ஒன்றை கில்பிரெத் அமைத்தார். ஒரு செங்கல்லுக்கு 18ஆக இருந்த அசைவுகள் ஏறக்குறைய 5ஆகக் குறைந்தன.

இங்கே ஒரு செய்தியை மறைக்காமல் சொல்லவேண்டும். உழைப்பை அளக்கும் கலை எல்லார் கையிலும் அருளாக இருந்ததில்லை. அதே காலத்தில் பிரடெரிக் டெய்லர் என்ற பொறியாளர் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொழிலாளரின் ஒவ்வோர் அசைவையும் நொடிக்கணக்கில் அளக்கும் முறையைப் பரப்பினார். 1911 ஆகஸ்டு மாதத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் இருந்த அமெரிக்க இராணுவத் தளவாடச் சாலையில் அக்கடிகாரம் நுழைந்தபோது, வார்ப்புத் தொழிலாளர்கள் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு வெளியேறினார்கள். ஒருவரின் களைப்பைக் குறைப்பதற்காக அளப்பது வேறு, அவரிடமிருந்து இன்னும் எவ்வளவு கறக்கலாம் என்று அளப்பது வேறு. அளவுகோல் ஒன்றுதான், அதைப் பிடித்த கையின் நோக்கம் இரண்டு. இந்த ஐயத்தோடுதான் பணிச்சூழலியல் வளர்ந்தது. இன்றும் அந்த ஐயம் தேவைப்படுகிறது.

பிராங்க் கில்பிரெத்தும் ஒருவகையில் வேகத்தை விரும்பியவரே. ஆனால் 1904ஆம் ஆண்டில் அவரை மணந்த லில்லியன் அம்மையார் உளவியல் கற்றவர். உழைப்பவரின் மனத்தையும் களைப்பையும் கணக்கில் கொள்ளவேண்டும் என்ற கருத்தை அந்த ஆய்வில் ஊன்றியவர் அவரே. அவர் எழுதிய நூல் 1914ஆம் ஆண்டில் வெளிவந்தபோது, ஆசிரியர் ஒரு பெண் என்பது தெரியாதவாறு பெயரின் முன்னெழுத்துகள் மட்டுமே அச்சாயின. முதல் உலகப்போரில் கை கால் இழந்த வீரர்கள் மீண்டும் தொழில் செய்வதற்கு ஏற்றவாறு கருவிகளை மாற்றும் ஆய்விலும் கணவனும் மனைவியும் ஈடுபட்டார்கள். 1924 ஜூன் மாதத்தில் பிராங்க் மாரடைப்பால் திடீரென்று காலமானார். அப்போது லில்லியனிடம் பதினொரு குழந்தைகள் இருந்தனர். சில நாட்களுக்குள் அவர் கப்பலேறி ஐரோப்பாவுக்குச் சென்று, அங்கு நடைபெற்ற மாநாட்டில் கணவரின் இடத்தில் நின்று உரையாற்றினார்.

கணவர் மறைந்ததும், பெண்ணின் ஆலோசனை வேண்டாம் என்று தொழிலதிபர்கள் ஒதுங்கினார்கள். அம்மையார் சமையலறைக்குள் தம் ஆய்வைக் கொண்டுபோனார். அடுப்பு எந்த உயரத்தில் இருந்தால் இடுப்பு வலிக்காது, அடுப்பிலிருந்து தொட்டி வரை ஒருநாளில் எத்தனை அடி நடக்கிறோம் என்று ஆயிரக்கணக்கான பெண்களிடம் விசாரித்து, அளந்து எழுதினார். காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத் தொட்டியும், குளிர்பெட்டியின் கதவுக்குள் அமைந்த தட்டுகளும் அவருடைய சிந்தனையில் உருவானவை என்று கூறுவர். 1935ஆம் ஆண்டில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பொறியியல் பேராசிரியரானார். 1972ஆம் ஆண்டில் தொண்ணூற்று மூன்றாம் வயதில் மறைந்தார். வீட்டுவேலையும் வேலைதான் என்பதைப் பொறியியல் ஏற்கச் செய்தவர் அவர். நம் நகர்ப்புறக் குடியிருப்புகளில் சமையல் மேடையின் உயரம் பெரும்பாலும் அங்கே நின்று சமைக்கும் பெண்ணைக் கேளாமலே முடிவாகிறது. மேடை அவர் முழங்கைக்குச் சற்றுத் தாழ்வாக இருக்கவேண்டும் என்பது சிறிய செய்திதான். ஆனால் அச்சிறிய செய்தி முப்பது ஆண்டு முதுகுவலியைத் தடுக்க வல்லது.

இரண்டாம் உலகப்போர் இத்துறைக்குக் கடுமையான பள்ளிக்கூடமாக அமைந்தது. அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களில் ஒரு விந்தையான விபத்து அடிக்கடி நேர்ந்தது. பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, விமானி இறக்கையின் மடிப்புத் தகட்டை இழுத்துக்கொள்வதற்குப் பதிலாகச் சக்கரங்களை உள்ளே இழுத்துவிடுவார். விமானம் வயிற்றால் தரையில் உராயும். ‘விமானியின் தவறு’ என்று எழுதி ஏட்டை மூடினார்கள். அல்போன்ஸ் சபானிஸ் என்ற இளம் உளவியலாளர் 1943ஆம் ஆண்டில் அந்த ஏட்டைத் திறந்தார். வேறு சில விமானங்களில் இத்தவறு நேராதது ஏன் என்று அவர் கேட்டார். விமானியறைக்குள் சென்று பார்த்தபோது விடை கண்முன்னே இருந்தது. பி-17 விமானத்தில் இரண்டு விசைகளும் ஒரே வடிவில், அருகருகே இருந்தன. களைத்த கை, இருட்டில், எதைத் தொடுகிறோம் என்று எவ்வாறு அறியும்?

சபானிஸ் செய்த மாற்றம் மிக எளியது. சக்கரங்களுக்குரிய விசையின் நுனியில் ஒரு சிறு சக்கர வடிவத்தையும், மடிப்புத் தகட்டுக்குரிய விசையில் ஆப்பு வடிவம் ஒன்றையும் பொருத்தினார். தொட்டவுடனே கை அறிந்துகொண்டது. இன்றும் பயணிகள் விமானங்களில் சக்கர விசையின் பிடி சக்கர வடிவில்தான் இருக்கிறது. வெளிமாநிலத்தில் வாழும் நீங்கள் பொங்கலுக்கோ திருமணத்துக்கோ ஊருக்குப் பறந்து வரும்போதெல்லாம், அவர் சிந்தனையில் உதித்த வடிவத்தை ஒரு விமானி தொட்டே உங்களைத் தரையிறக்குகிறார்.

பால் பிட்ஸ் என்பவரும் அவருடைய துணைவர் ரிச்சர்டு ஜோன்ஸும் 1947ஆம் ஆண்டில், விமானிகளின் தவறு எனப்பட்ட 460 நிகழ்ச்சிகளை விமானிகளிடமே கேட்டுத் தொகுத்தார்கள். பல தவறுகள் ஒரே அச்சில் வார்த்தவைபோல் மீண்டும் மீண்டும் வந்தன. ஒருவர் தவறினால் அவரைக் குறை கூறலாம். தொடர்பில்லாத பலர் அதே இடத்தில் அதே வகையில் தவறினால், அந்த இடத்தைத்தான் சோதிக்கவேண்டும் என்பது அதனால் விளங்கியது.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்தில் கென்னத் கிரெய்க் என்ற அறிஞர், விமானியறையைப் போன்ற ஓர் அமைப்பைத் தரையிலேயே உருவாக்கினார். அதில் விமானிகளை நெடுநேரம் அமரவைத்துச் சோதித்தார்கள். களைப்பு மிகுந்தபோது வேலையின் தரம் தாழ்ந்தது. ஆனால் விமானிகளோ தாங்கள் நன்றாகவே செய்வதாக நம்பினார்கள்! களைப்பு முதலில் மறைப்பது தன்னைத்தான் என்ற இவ்வுண்மை, இரவுமுறை வேலை செய்வோரும் நெடுந்தொலைவு லாரி ஓட்டுவோரும் நினைவில் கொள்ளத்தக்கது. கிரெய்க் 1945 மே 7ஆம் நாள், ஐரோப்பாவில் போரின் வெற்றி கொண்டாடப்படுவதற்கு முந்தைய தினத்தில், மிதிவண்டி விபத்தின் விளைவாக உயிர்நீத்தார். வயது முப்பத்தொன்று.

போர் முடிந்தபின் 1949ஆம் ஆண்டில் இலண்டனில் உடலியலாளர், உளவியலாளர், பொறியாளர் ஆகியோர் கூடி ஓர் ஆராய்ச்சிச் சங்கத்துக்கு வித்திட்டார்கள். ஹைவெல் மரல் என்பவர் அதற்கு எர்கனாமிக்ஸ் என்ற பெயரை முன்மொழிந்தார். போலந்துக்காரரின் கட்டுரையை அறியாமலே அதே கிரேக்கச் சொற்களிலிருந்து அவர் அப்பெயரை அமைத்தார் என்பது வியப்பு. 1957ஆம் ஆண்டு முதல் அதே பெயரில் ஓர் ஆய்விதழும் வெளிவரலாயிற்று.

இதுவரை கூறியவை மேலை நாட்டார் தம் உடலையும் தம் கருவியையும் ஆராய்ந்த வரலாறு. நம் நாட்டின் நிலை வேறு. இங்கே வெப்பம் மிகுதி. தரையில் அமர்ந்து செய்யும் தொழில்கள் பல. எந்திரம் செய்யவேண்டிய வேலையை இன்றும் தோள் செய்கிறது. ஆகவே நம்மவர் நம் கண்ணால் பார்க்கவேண்டியிருந்தது. மும்பை சயானில் மத்தியத் தொழிலாளர் ஆய்வு நிலையமும், சென்னை, கொல்கத்தா, கான்பூர் போன்ற நகரங்களில் அதன் மண்டல நிலையங்களும், அகமதாபாத்தில் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிலையமும் அதற்கெனவே அமைந்தன.

எஸ். ஆர். தத்தா, என். எல். இராமநாதன் ஆகிய இரு ஆராய்ச்சியாளர்கள் 1971ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு உலகப் புகழ் பெற்றது. ஒரே அளவான சுமையை மனிதன் ஏழு முறைகளில் எடுத்துச் செல்லும்போது உடல் எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகிறது என்று அவர்கள் அளந்தார்கள். தலையில் வைத்துச் செல்வது, முதுகில் பையாகச் சுமப்பது, முன்னும் பின்னுமாக இரு பைகளாகப் பகிர்வது, அரிசி மூட்டையைப் போல் முதுகில் சாய்த்துக்கொள்வது, மலைநாட்டு ஷெர்ப்பாக்களைப் போல் நெற்றியில் பட்டை கட்டிச் சுமப்பது, காவடியாகத் தோளில் தூக்குவது, இரு கைகளிலும் தொங்கவிடுவது என்பன அந்த ஏழு முறைகள். முன்னும் பின்னும் பகிர்ந்த சுமையே உடலுக்கு மிக எளிதாக இருந்தது. தலைச்சுமை அதற்கு அடுத்தபடி நின்றது. கையில் தொங்கவிட்ட சுமைதான் எல்லாவற்றிலும் கொடியது. முதல் முறையைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆற்றலை அது விழுங்கியது. தலைச்சுமை ஆற்றலை மிச்சப்படுத்தினாலும் கழுத்தெலும்பைத் தேய்க்கும் என்பதையும் மறத்தலாகாது.

அதே இராமநாதன் 1964ஆம் ஆண்டில் மற்றொரு பணியையும் செய்திருந்தார். வெயிலிலும் உலையருகிலும் உழைப்பவரின் தோலின் சராசரி வெப்பத்தை அறிய, உடலெங்கும் அளக்கவேண்டியதில்லை. மார்பு, மேற்கை, தொடை, கெண்டைக்கால் ஆகிய நான்கு இடங்கள் போதும் என்று ஓர் எளிய கணக்கை வகுத்தார். உலகின் பல ஆய்வுக்கூடங்களில் அக்கணக்கு அவர் பெயராலேயே வழங்குகிறது.

தத்தாவும் அவருடைய துணைவர்களும் 1978ஆம் ஆண்டில் ரிக்‌ஷா இழுப்பவரின் ஆற்றல் செலவையும், 1983ஆம் ஆண்டில் ‘தேலா’ எனப்படும் கைவண்டி இழுப்பவரின் ஆற்றல் செலவையும் கணக்கிட்டு வெளியிட்டார்கள். கொல்கத்தாவில் வாழும் நேயர்களுக்கு அவ்வண்டியை நான் வருணிக்கவேண்டியதில்லை. அந்நகரப் பல்கலைக்கழகத்தின் உடலியல் துறையைச் சேர்ந்த ஆர். என். சென் இந்தியப் பணிச்சூழலியலின் தந்தை எனப் போற்றப்படுபவர். தேயிலைக் கொழுந்து பறிப்போரின் வேலைப்பளுவை அவரும் அவருடைய மாணவர்களும் ஆராய்ந்து, 1983ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். தேவ்குமார் சக்கரவர்த்தி அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிலையத்தின் வாயிலாக இந்தியரின் உடலளவுகளைத் தொகுத்து 1997ஆம் ஆண்டில் நூலாக்கினார். சம்மணமிட்டு அமரும்போதும் குந்தி இருக்கும்போதும் எடுத்த அளவுகள் அதில் இடம்பெற்றன. நாற்காலியில் மட்டுமே அமரும் நாட்டாரின் அளவுப் பட்டியலை வைத்துக்கொண்டு நமக்குக் கருவி செய்யும் வழக்கத்துக்கு அது மாற்றாயிற்று.

இவ்வளவு அறிந்தபின் நாம் என்ன செய்தோம் என்று கேட்டால், நெஞ்சு சற்றுத் தயங்குகிறது. ஆடவர் ஒருவர் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று சர்வதேசத் தொழில் அமைப்பு 1967ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. நம் சந்தைகளில் 100 கிலோ மூட்டை அதன்பிறகும் நெடுங்காலம் வழங்கிவந்தது. மனிதன் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க நம் நாடாளுமன்றம் 1993ஆம் ஆண்டிலும் 2013ஆம் ஆண்டிலும் சட்டம் செய்தது. எனினும் கழிவுநீர்க் குழிகளில் இறங்கி மூச்சடைத்து மாண்டவர்களின் செய்தி ஓயவில்லை. ராமட்சீனி கண்ட தொழிலாளி இழந்தது கண்ணை. நம் நகரங்களில் உயிரே போகிறது. சில வேலைகளுக்குத் திருத்தம் செய்தல் போதாது. அவற்றை மனிதனிடமிருந்து அடியோடு விலக்கவேண்டும். இதுவும் அந்த ஆராய்ச்சியாளர்களின் வழியில் சென்றால் நாம் அடையும் முடிவேயாகும்.

அன்பர்களே, பிழைப்பைத் தேடிப் பிற மாநிலம் சென்றவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வந்த இடத்தில் வலியைச் சொன்னால் வேலை போய்விடுமோ என்று வாய்மூடி இருப்பார்கள். மொழி தெரியாதவருக்கு அந்த மௌனம் இன்னும் கனமானது. இன்று நாம் நினைத்த அறிஞர்கள் அனைவரும் அந்த மௌனத்தின் அருகே சென்று அமர்ந்து விசாரித்தவர்கள். ஒருவர் மலக்குழியருகே கேட்டார்; ஒருவர் சமையலறையில் கேட்டார்; ஒருவர் விமானியறையில் கேட்டார்; நம்மவர் சுமைகூலியையும் ரிக்‌ஷாக்காரரையும் கேட்டார்கள். உங்கள் பணியிடத்தில் யாரேனும் தவறினாலோ, நோயுற்றாலோ, குற்றம் சாட்டுமுன் அவர் நிற்கும் இடத்தில் ஒருமுறை நின்று பாருங்கள். அவர் பிடிக்கும் கருவியை ஒருமுறை பிடித்துப் பாருங்கள். உங்களுக்கே வலி இருந்தால் அதை மறையாது சொல்லுங்கள். உழைப்பை உற்று நோக்கிய அப்பெரியோர்களுக்கு நாம் செய்யத்தக்க நினைவுச் சிறப்பு அதுவே.